உதிலைதான் கடல்

எங்கள் ஊர்ப் பக்கம் தூரத்தில் இரண்டு வகைதான் உண்டு. கிட்ட இருந்தால் இது, தள்ளி இருந்தால் அது. மூன்றாவதாக ஒன்று இருப்பது, பிராங்பேர்ட் ரயில் நிலையத்தின் வாசலில், ஜனவரிக் குளிரில், கேன்வாஸ் ஷூவோடு நின்ற அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என்னைக் கூட்டிப்போக வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் சமையல் வேலைக்கு வந்திருந்த இந்திய உணவகத்தில் அவரும் வேலை பார்த்தார். கட்டையான உருவம், நரைத்த மீசை, எங்கேயோ தீப்பிடித்து அணைக்கப் போகிறவரைப் போன்ற நடை. அங்கே எல்லோரும் அவரை அண்ணை என்றார்கள். நான் அண்ணே என்றேன்.

"எவ்வளவு தூரம்ணே போகணும்?"

"உதிலைதான். வா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். உதிலை என்பது ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பிராங்பேர்ட் என்று சொல்லி வேறு ஊரில் வேலை கொடுப்பது எனக்குப் புதிதில்லை. மும்பை என்று சொல்லி என்னை ஒரு முறை வாப்பியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். ஒரு சாசேஜ் கடையைத் தாண்டினோம். மறுபடி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். மறுபடி அதே சாசேஜ் கடை. கால்விரல்கள் என்னிடமிருந்து விலகிப்போன பிறகு கேட்டேன்.

"அண்ணே, உதிலை வந்துருச்சா?"

அவர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். சைக்கிளில் வந்த ஒரு ஜெர்மன்காரி மணியடித்துத் திட்டிவிட்டுப் போகும் வரைக்கும் சிரித்தார்.

"டேய், உது தெரியாதே உனக்கு? என்ன தமிழடா உங்கடை தமிழ்! எனக்குக் கிட்ட இருந்தால் இது. ரெண்டு பேருக்கும் தூர இருந்தால் அது. உனக்குக் கிட்ட இருந்தால் உது. விளங்குதே?"

விளங்கியது. அந்த ஊருக்கு வந்து ஒரு பொழுதுகூட ஆகாத எனக்கு அங்கே எதுவுமே கிட்ட இல்லை. ஆனாலும் அவர் மிச்சமிருந்த தூரத்தையெல்லாம் தூக்கி என் பக்கத்தில் வைத்துவிட்டார். மூன்றாவது முறை அந்தச் சாசேஜ் கடையைத் தாண்டியபோது கடைக்காரன் எங்களுக்குக் கை காட்டினான்.

உணவகம் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. ஆற்றைக் கடக்கவே வேண்டியதில்லை. அவர் சொன்னது உண்மைதான், உதிலைதான்.

அண்ணை யாரிடமும் வழி கேட்கமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயமும் கடைசி விஷயமும் இதுதான். நிற்கமாட்டார், அண்ணாந்து பார்க்கமாட்டார், பெயர்ப்பலகை படிக்கமாட்டார். தலையை முன்னால் நீட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அந்தத் தெருவிலேயே நடந்தவர் மாதிரி நடப்பார். "அண்ணே, இந்தப் பக்கமா?" என்றால் "தெரியும்" என்பார். "கேட்டுப் பார்ப்போமாண்ணே?" என்றால் நடை மட்டும் இன்னும் கொஞ்சம் வேகமாகும்.

உணவகத்தில் அவருக்கு முதலில் கொடுத்திருந்த வேலை வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது. யார் யோசித்துக் கொடுத்தார்களோ தெரியாது. மணியடித்த வீட்டில் கதவு திறந்தால் அதுதான் வீடு என்பது அவர் கணக்கு. பிரியாணி கேட்டவன் பட்டினி கிடக்க, கேட்காத ஒரு கிழவர் பல நாள் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் முதலாளி அவரைத் தந்தூரி அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே தொலைந்துபோக வழியில்லை. நான் வந்து சேர்ந்தபோது அவர் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

லீவு நாட்களில்தான் ஆபத்து. ஒரு முறை வடக்கே ஏதோ ஒரு ஊரில் அவர்களுக்குச் சொந்தக்காரப் பையனின் கல்யாணம். அண்ணை கார் ஓட்டினார். பக்கத்தில் அக்கா, அவர் மனைவி. பின்சீட்டில் நானும் பரிசாக வாங்கிய மிக்ஸியும். அக்கா தன் கைபேசியில் வழியைப் போட்டிருந்தார். அதில் ஒரு ஜெர்மன் பெண் குரல், திரும்பிப் போ, திரும்பிப் போ என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

"உவள் திரும்பச் சொல்லுறாள்," என்றார் அண்ணை. "உவள் எப்பவாவது இந்த ரோட்டிலை கார் ஓடியிருக்கிறாளே?"

"அவள் வானத்திலை இருந்து பாத்துச் சொல்லுறாளப்பா," என்றார் அக்கா.

"அப்ப வானத்திலை போறவைக்குச் சொல்லட்டும்."

ஒரு மண்டபத்தின் முன்னால் போய் நிறுத்தினார். வாழைமரம், குத்துவிளக்கு, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், பன்னீர் தெளிக்க நான்கு பெண்கள். எல்லாம் சரியாக இருந்தன. உட்கார்ந்தோம். சாப்பிட்டோம். மேடையேறி அட்சதை போட்டோம். மிக்ஸியைக் கொடுத்தோம். படம் எடுக்க நின்றபோது அக்கா அண்ணையின் விலாவில் இடித்தார்.

"இஞ்சாருங்கோ, இது எங்கடை பெடியன் இல்லையப்பா."

அண்ணை மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "கலியாண யோசனையிலை மெலிஞ்சு போனான்," என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. உண்மையான மாப்பிள்ளையின் தகப்பன். எங்கே நிற்கிறீர்கள், தாலி கட்டி முடிந்துவிட்டது என்கிறார். அண்ணை மேடையில் நின்றபடியே, படமெடுப்பவனைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்: "உதிலைதான் நிக்கிறம். இந்தா வாறம்."

யாரோ ஒரு தம்பதி தங்கள் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் மூன்று பேர் யாரென்று இன்றைக்கும் இரண்டு பக்கச் சொந்தத்திலும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்டவரை நம்பி நான் கொழும்புக்குப் போனேன். நான் ராமநாதபுரக் கடற்கரைக்காரன். எங்கள் கரையிலிருந்து படகெடுத்தால் பொழுது சாய்வதற்குள் இலங்கைக்குப் போய்விடலாம் என்பார்கள். நான் அதை முதன்முதலாகப் பார்க்க பிராங்பேர்ட்டிலிருந்து விமானம் ஏறினேன். அப்போது உணவகத்தை மூடிவிட்டார்கள், எனக்கு வேலை இல்லை. அக்காவின் தங்கை மகளுக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம். "நீயும் வா தம்பி, ஊரைப் பாக்கலாம்" என்று அக்கா டிக்கெட் எடுத்தார். விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டபோதுதான் புரிந்தது. என் பெயருக்கு உள்ள எடை முழுவதும் சாக்லேட், ஷாம்பூ, அலுமினியத் தாள், குழந்தைகளுக்குக் குளிர்ச்சட்டை. குளிர்ச்சட்டை யாழ்ப்பாணத்துக்கு எதற்கு என்று கேட்டேன். "ஜெர்மனியிலை இருந்து வாறம், வெறுங்கையோடை போக ஏலுமே?" என்றார் அக்கா. என் துணி இரண்டு மாற்று, கைப்பையில் வந்தது. எனக்கு அது பழக்கம்தான்.

கல்யாணத்துக்குப் போகும் முன் ஒரு நாள் கொழும்பில் தங்குவது. மறுநாள் விடிய வேன் வரும், யாழ்ப்பாணம் போய்விடுவோம், திரும்பும்போது நேரே விமான நிலையம். அந்த ஒரு நாள் அக்கா கேட்டு வாங்கிய நாள்.

"இத்தினை வருசமா வாறம், போறம். ஒவ்வொருக்காலும் இறங்கின உடனை வானுக்குள்ளை ஏத்தி யாழ்ப்பாணத்திலை இறக்கிப் போடுவார்," என்றார் அக்கா. "இந்தமுறை ஒரு நாள் நான் ரூறிஸ்ட். காலி முகத்திடலுக்கு நடந்து போகவேணும். பொழுது படேக்கை கடலைப் பாக்கவேணும். இறால் வடை தின்னவேணும். நாங்கள் திரும்பிப் போன கையோடை முழங்காலை வெட்டப் போறாங்கள், திகதி குறிச்சு டெர்மின் தந்தாச்சு. அதுக்கு முதல் என்ரை சொந்தக் காலாலை நடந்து போய்ப் பாக்கவேணும்."

"கூட்டிக்கொண்டு போறன்," என்றார் அண்ணை. "உதிலைதானே."

நாங்கள் தங்கியிருந்தது கொட்டாஞ்சேனையில். காலையில் அண்ணை கீழே இறங்கி வந்ததைப் பார்த்து விடுதிக் காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தான். முழங்கால் வரைக்கும் காக்கி நிற அரைக்கால்சட்டை. எண்ண முடியாத அளவு பைகள் வைத்த கையில்லாச் சட்டை. வைக்கோல் தொப்பி. வெள்ளைக் காலுறைக்கு மேலே செருப்பு. முகத்தில் வெயிலுக்கான கிரீமை அப்பியிருந்த விதத்தைப் பார்த்தால், வயலில் கண்ணேறு படாமலிருக்கக் கவிழ்த்து வைத்த சுண்ணாம்புச் சட்டி மாதிரி இருந்தார்.

"என்னப்பா இது கோலம்?" என்றார் அக்கா.

"நீர்தானே ரூறிஸ்ட் எண்டனீர்?"

புறக்கோட்டைச் சந்தை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக மிட்டாய் மாதிரி கோடு போட்ட பள்ளிவாசலின் முன்னால் அக்கா படம் எடுத்துக்கொண்டார். வெயில் ஏறிவிட்டது. அந்த வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. தார் ரோட்டிலிருந்து, பஸ்களின் பக்கவாட்டிலிருந்து, கடைகளின் தகரக் கதவிலிருந்து, எதிரே வருகிறவனின் சட்டையிலிருந்துகூட அடித்தது. துபாயில் கட்டடத்துக்கு மேலே நின்று சமைத்துப் போட்டவன் நான், எனக்கே நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஆட்டோக்காரர்கள் அண்ணையைக் கண்டு உற்சாகமானார்கள். ஒருவன் காலுறையைப் பார்த்தவுடனே வண்டியை ஓரம் கட்டி, ஜெர்மன் மொழியிலேயே "வணக்கம் நண்பரே!" என்றான்.

அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீரே, என்னை ஜெர்மன்காரன் எண்டு கண்டுபிடிச்சிட்டான்."

"முகத்திலை பூசியிருக்கிறதைப் பாத்துச் சொல்லியிருப்பான்," என்றார் அக்கா.

அங்கிருந்து நேராகப் போனால் கோட்டை, அதைத் தாண்டினால் கடல். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அண்ணை மூலையில் ஒரு கணம் தயங்கி, இடதுபக்கம் திரும்பினார். பிறகு இன்னொரு மூலையில் இன்னொரு திருப்பம். மருதானை ரயில் நிலையம் வந்தது. அதற்கு எதிரே ஒருவர் செவ்விளநீர் குவித்து வைத்திருந்தார். வாங்கிக் குடித்தோம். கடைக்காரர் தமிழர்.

"எங்க போறீங்க, இந்த வெயில்ல?" என்று கேட்டார்.

"சும்மா," என்றார் அண்ணை.

"காலி முகத்திடலுக்கு," என்றார் அக்கா.

"ஐயோ, அதுக்கு ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க? நீங்க இப்ப என்ன பண்ணுறீங்கன்னா..."

கடைக்காரர் கத்தியை நீட்டித் திசை காட்டுவதற்குள் அண்ணை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். வழி கேட்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி சொல்ல வந்தவரிடமிருந்து தப்பித்து ஓடியவரை அன்றுதான் பார்த்தேன்.

"நான் கேட்டுட்டு வரேன்க்கா," என்று திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ கேட்காதை. நானும் கேட்கமாட்டன். கூட்டிக்கொண்டு போறன் எண்டவர் அவர். கேக்கிறதெண்டால் அவர்தான் கேட்கவேணும். இண்டைக்கு ஒரு கை பாக்கிறன்."

இப்படியாக வெயிலுக்கு மேலே இன்னொரு வெயிலும் சேர்ந்துகொண்டது.

நடந்தோம். அந்த நகரத்தை நான் நன்றாகவே பார்த்தேன். கடல் போகிற வழியில் இல்லாத எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரியின் நான்கு பக்கங்களையும் பார்த்தேன். பழைய டயர் விற்கிற தெரு, சவப்பெட்டி செய்கிற தெரு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தெரு. பாதசாரிகளுக்கான விளக்கு எங்கே இருந்தாலும் அண்ணை பச்சை மனிதன் வரும்வரை நின்றார். கொழும்பு முழுவதும் எங்களைத் தாண்டிப் போனது. மறுபடி மருதானை ரயில் நிலையம் வந்தது. செவ்விளநீர்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் துடைத்து வைத்தார். அதற்கும் பிறகு இன்னொரு முறை மருதானை வந்தபோது, நாங்கள் கேட்காமலே மூன்று காயைச் சீவி வைத்திருந்தார். எனக்கு பிராங்பேர்ட்டின் சாசேஜ் கடைக்காரன் ஞாபகம் வந்தான்.

அண்ணை கழிவறைக்குப் போயிருந்த அந்த நேரத்தில், கடை நிழலில் ஒரு பலகையில் உட்கார்ந்து அக்கா காலை நீவிக்கொண்டார். முழங்கால் வீங்கியிருந்தது.

"ஏன்க்கா அவரு கேட்கவே மாட்டேங்குறாரு?"

"அது பெரிய கதை தம்பி. ஜெர்மனி ரெண்டாக் கிடந்த அந்த நாளையிலை இவரும் இன்னொரு பெடியனுமாத்தான் ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்து இறங்கினவை. கிழக்குப் பக்கத்திலை இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் போய்ச் சேரவேணும். ஏஜென்ற் சொல்லி விட்டவனாம், ஒருத்தரையும் ஒண்டும் கேளாதையுங்கோ, வழி தெரிஞ்ச ஆக்கள் மாதிரி கெதியா நடவுங்கோ எண்டு. மற்றப் பெடியன் பயத்திலை ஒரு ஆளிட்டை வழி கேட்டுப்போட்டான். அந்த ஆள் பொலிஸ். அவனைத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். இவர் நிண்டு பாக்காமல் நடந்தவர். அண்டைக்குத் துவங்கின நடை."

செவ்விளநீர்க் காயைக் கீழே வைத்துவிட்டு அக்கா தொடர்ந்தார்.

"அதுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டவர். நான் இங்கை வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை, பிளைட் வரும் வரும் எண்டு கிடந்தன். வெளியிலை போகாதையுங்கோ, தமிழாக்களைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள் எண்டு லொட்ஜ்காரர் சொல்லிப்போட்டார். யன்னலும் திறக்க ஏலாது. கடல் ரெண்டு ஒழுங்கை தள்ளித்தானாம். ராவிலை சத்தம் மட்டும் கேக்கும். இவர் அங்கையிருந்து போன் எடுக்கேக்கை சொல்லி அழுதன். 'அழாதையும், ஒரு நாளைக்கு நான் கொண்டுபோய்க் காட்டுறன்' எண்டவர். அந்த ஒரு நாள்தான் இண்டைக்கு."

அண்ணை வந்தார். தொப்பியைச் சரிசெய்தார். "போவமே? உதிலைதான்," என்றார். அக்கா எழுந்தார்.

அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் நான் அவர் காலைப் பார்ப்பதை விட்டு அவர் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். நேரே போய்க்கொண்டிருப்பார். மூலையில் ஒரு காக்கிச் சட்டை நிற்கும். உடனே அண்ணையின் கால் பக்கத்துத் தெருவில் திரும்பும். அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். திரும்பிவிட்டு, அந்தத் தெருவில்தான் வேலை இருக்கிறவர் போல மீசையைத் தடவுவார். காலையில் கோட்டைக்குப் போகிற மூலையில் தயங்கியதும் அதனால்தான், அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கொழும்பிலோ மூலைக்கு மூலை காக்கி. அந்த நகரத்தில் போலீஸ்காரர் நிற்காத தெருக்களில் மட்டுமே நடந்து கடலுக்குப் போக முயற்சி செய்தவர் அவர் ஒருவர்தான் இருப்பார்.

வெயில் மஞ்சளாக மாறத் தொடங்கியபோது ஒரு நீர்நிலை வந்தது. பச்சைத் தண்ணீர். நடுவில் அன்னப்பறவை வடிவத்தில் செய்த மிதிபடகுகள். அண்ணை கையை அகல விரித்தார்.

"இந்தா! கடல்!"

அக்கா தண்ணீரைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கத்துக் கரையில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது.

"கடலெண்டால் அலை எங்கையப்பா?"

"இண்டைக்குக் காத்து இல்லை."

"இது ஏரியப்பா, பேரை ஏரி. அந்தா, போர்டிலை எழுதியிருக்கு."

"அப்ப கடலைத் தள்ளி வைச்சிட்டாங்கள். முந்தி இதிலைதான் இருந்தது."

பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்தேன். காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் உண்மையாகவே கடலுக்குள் மண்ணைக் கொட்டிக் கொஞ்ச தூரம் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அது அவருக்கும் அப்போது தெரியாது.

அக்கா ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். இரண்டையும் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

"நான் இனி ஒரு அடியும் எடுத்து வைக்கமாட்டன். தீவைச் சுத்திக் கடல். அதைத் தொலைச்ச முதல் மனுசன் நீங்கள்தான். ஒண்டில் கடல் இங்கை வரட்டும். இல்லாட்டி நீங்கள் ஒருத்தரிட்டைக் கேளுங்கோ. பொழுது படப்போகுது."

"எனக்குத் தெரியும்..."

"தெரியும், தெரியும், தெரியும்! உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குக் கால் இல்லையப்பா."

அக்கா அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் அண்ணை இன்னும் இரண்டு தெரு நடந்திருப்பார். அவர் மனைவியின் முழங்காலைப் பார்த்தார். வெயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ஏரிக்கரையில் இளம் ஜோடிகள் குடைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள், அவர்களைக் கேட்க முடியாது. அன்னப் படகுக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருந்து, சும்மா நின்ற ஒரே ஆள் முனையில் நின்ற போலீஸ்காரர்தான்.

அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நடந்தார். அவர் மெதுவாக நடந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் கொஞ்சம் பின்னால் போனேன். விழுந்தால் பிடிக்கலாம் என்று.

போலீஸ்காரருக்கு முப்பது வயது இருக்கும். அண்ணை முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். அவருக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும் என்று சொல்லியிருக்கிறார், அது வரவில்லை. ஆங்கிலமும் வரவில்லை. தமிழ், அந்த ஊரில் அந்தச் சட்டைக்கு முன்னால், வருகிற மாதிரியே தெரியவில்லை. மூன்றாவது முறை வாய் திறந்தபோது வந்தது இதுதான்:

"என்ட்ஷுல்டிகுங். வோ இஸ்ட் தாஸ் மேயர்?"

மன்னிக்கவும், கடல் எங்கே இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் கேட்டுவிட்டார். போலீஸ்காரர் "சேர்?" என்றார். அண்ணை அதையே இன்னும் பலமாகக் கேட்டார். போலீஸ்காரர் அவர் காலுறையைப் பார்த்தார், சுண்ணாம்பு முகத்தைப் பார்த்தார், வேர்வையில் அது கோடுகோடாக வழிந்து அடியிலிருந்த நிறம் தெரிவதைப் பார்த்தார். அப்போது பெஞ்சிலிருந்து அக்காவின் குரல் ஏரி முழுவதும் கேட்டது.

"என்னவாமப்பா? கேட்டியளே இல்லையே?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

"ஐயா, தமிழிலையே கேளுங்கோவன். நானும் யாழ்ப்பாணம்தான், பருத்தித்துறை. கடல்தானே? உதிலைதான்."

அண்ணை அசையாமல் நின்றார். வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லை மற்றவர்களிடம் கொடுத்தவர். திரும்பி வாங்கியது அன்றுதான். அவர் முகத்தில் ஒரு பெரிய சந்தேகம் வந்தது.

"உதிலை எண்டால்... எவ்வளவு தூரம் தம்பி?"

"அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்குப் பின்னாலை. அம்மாவை ஆறுதலா, மெள்ள மெள்ளக் கூட்டிக்கொண்டு போங்கோ. பொழுதுபட முதல் போயிடுவியள்."

நான் இருந்த இடத்திலிருந்தே அந்தக் கட்டடத்தின் விளிம்பில் சூரியன் தெரிந்தது. நாங்கள் இவ்வளவு நேரமும் கடலின் முதுகுப் பக்கத்தில் இருந்திருக்கிறோம்.

அக்கா ஷூ போடவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை அண்ணையின் தோளில் வைத்து நடந்தார். கட்டடத்தைச் சுற்றி வந்தவுடனே காற்று முகத்தில் அடித்தது. பட்டங்கள், வடை வண்டிகள், சனக்கூட்டம், அதற்கப்பால் கடல். சூரியனுக்கு இன்னும் ஒரு முழம் மிச்சமிருந்தது. அக்கா கரைக்கட்டின் ஓரத்துக்குப் போய் நின்றார். ஆனால் கடலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இந்தச் சத்தம்தான்," என்றார். பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

அண்ணையும் நானும் இறால் வடை வாங்கப் போனோம். அவர் வடைக்காரரிடம், கொட்டாஞ்சேனைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். பக்கத்தில் பட்டம் விற்றவனிடமும் அதையே கேட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தவரை வழிமறித்து அவரிடமும் கேட்டார். மூன்று பேரும் ஒரே வழியைச் சொன்னதில் அவருக்கு ஒரே ஆச்சரியம். "எல்லாரும் சொல்லுறாங்களடா," என்றார். "கேட்டால் சொல்லுறாங்கள்."

யாழ்ப்பாணத்தில் கல்யாணம் நடந்தது, சரியான மண்டபத்தில். குளிர்ச்சட்டைகளையும் குழந்தைகள் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டன, வேர்த்து வேர்த்து. நாங்கள் திரும்பி வந்த பிறகு எனக்கு பிராங்பேர்ட்டில் வேலை கிடைக்கவில்லை. நான் ஒரு ஊரில் நிற்கிறவனும் இல்லை. ஹம்பர்க், ஸ்டுட்கார்ட், நடுவில் ஒரு குளிர்காலம் ஒரு குதிரைப் பண்ணை. யாருக்கும் விலாசம் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. கேட்கிறவர்களும் இருந்ததில்லை.

கடைசியாக கார்ல்ஸ்ரூஹேயில், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசி அடித்தது.

"தம்பி, நான் கார்ல்ஸ்ரூஹே ஸ்ரேஷன் வாசலிலை நிக்கிறன். அக்காவும் நிக்கிறா, புதுக் காலோடை. உன்ரை பழைய முதலாளியைக் கேட்டு, அவர் சொன்ன ஆளைக் கேட்டு, அந்தாளின்ரை மனிசியைக் கேட்டு, இந்த நம்பரையும் வாங்கி வந்து சேர்ந்திட்டம். இனி உன்ரை வீட்டுக்கு எப்பிடி வாறது, சொல்லு."

ட்ராம் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சோளக்காட்டைச் சுற்றி, பிறகு ஏற்றத்தில் வெகு தூரம் நடக்க வேண்டும். அதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"உதிலைதாண்ணே," என்றேன்.

அண்ணை அதை அப்படியே அக்காவிடம் திருப்பிச் சொன்னார். பிறகு, பக்கத்திலிருந்து அக்கா சொல்வது கேட்டது.

"ரக்சியைப் பிடியுங்கோ."